ஏழாம் பாடத்தில் மூச்சு எடுக்கும் இடம்

ஜூன் 4

அன்புள்ள வாலு,

நீ நலமா என்று கேட்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா, தெரியவில்லை. கேட்டு வைக்கிறேன். போனை எடுக்க மாட்டேன், கடிதம் போட்டால் படிப்பேன் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதனால் இது. ஆறு வருடத்தில் என் கையெழுத்து இன்னும் மோசமாகிவிட்டது. பொறுத்துக்கொள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். காதுதான் மந்தம். ஆனால் பக்கத்து வீட்டு வம்பு மட்டும் தெளிவாகக் கேட்கிறது. உன் தொழிலில் இதற்கு ஏதாவது பெயர் இருக்குமே.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு புத்தகம் போடுகிறேன். இடைநிலை சாக்ஸபோன் மாணவர்களுக்குப் பன்னிரண்டு பாடங்கள். வீட்டில் பயிற்சிக்கும் ஆகும், மேடையில் வாசிக்கவும் ஆகும். ஆரம்பக்காரர்களுக்குப் புத்தகம் மலை மாதிரி இருக்கிறது. தேறியவர்களுக்கும் இருக்கிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்குத்தான் ஒன்றும் இல்லை. விரல் ஓடும், நாதம் நடுங்கும். வாசிக்கப் பிடிக்கும், தன் சத்தம் தனக்கே பிடிக்காது. அந்த நிலையில் நாம் இருந்தபோது நமக்காகவே எழுதிக்கொண்டோமே, இரண்டு சாக்ஸபோனுக்கு, அந்தப் பன்னிரண்டும்தான்.

இப்போது சேர்ந்து வாசிக்க இரண்டு பேர் எங்கே கிடைக்கிறார்கள்? அதனால் உன் பகுதியை எடுத்துவிட்டேன். என் பகுதி மட்டும், தனி வாசிப்பாக. நீ தனியாக வாசிக்கும் இடங்களில் ஓய்வு; வாசிப்பவர் தாளத்தை எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஏழாவதில் பதினோரு தாளக் கட்டம், பத்தாவதில் பத்தொன்பது. தாளில் தடித்த ஒரு கோடு, மேலே எத்தனை கட்டம் என்ற எண். இரண்டும் பக்கம் திருப்பும் இடத்தில் வருகின்றன. வசதிதான்.

ஆயிரம் பிரதி. ஆகஸ்டில் மாணவர் கச்சேரி, அன்றே வெளியீடு. உனக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு வரி எழுது.

அன்புடன்,
அக்கா


ஜூன் 12

அக்காவுக்கு,

ஆட்சேபம் இல்லை. என் பெயரைப் போட வேண்டாம்.

ஒன்று மட்டும். தனி வாசிப்பில் ஒருவரைப் பதினோரு கட்டம் சும்மா நிற்கவைப்பார்களா? பக்கம் திருப்ப இரண்டு கட்டம் போதும். மீதியை வெட்டு. நீ வெட்டாததற்குக் காரணம் பக்கம் இல்லை என்று நினைக்கிறேன். சரி, அது என் வேலை இல்லை.

என் வேலை இதுதான். செவித்திறன் மையத்தில் சத்தம் புகாத ஓர் அறை. சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. வருகிறவரை உள்ளே உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுப்பேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து சத்தம் அனுப்புவேன். கேட்டால் அழுத்த வேண்டும். சிலர் நான் எதுவும் அனுப்பாதபோதும் அழுத்துகிறார்கள். பொய் இல்லை. அவர்களுக்குக் கேட்கிறது. அந்த அழுத்தங்களைப் பதிவில் சேர்க்கக் கூடாது என்பது விதி.

அம்மாவுக்கு வந்திருப்பது வசதிச் செவிடு. மருந்து கிடையாது.

தங்கை


ஜூன் 30

அன்புள்ள வாலு,

'தங்கை' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். ரேஷன் கார்டில் இருப்பது மாதிரி. சரி, அதாவது வந்ததே.

சிரிக்க ஒரு செய்தி. அச்சுக்குப் போகும் முன் பாடங்களை மாணவர்களிடம் கொடுத்துப் பார்க்கிறேன். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்தரைக்கு ஏழாம் பாடம். முதலில் வங்கிக் காசாளர். நாற்பது வயதில் சாக்ஸபோன் வாங்கிய மனிதர். கழுத்துப்பட்டையைக் கூட டை மாதிரி நேராக்கிக்கொண்டுதான் ஊதுவார். தாளக் கணக்கு சுத்தமாக வராது. தினமும் கத்தை கத்தையாக எண்ணுகிறவர், நான்கு தட்டு எண்ணச் சொன்னால் ஐந்தில் நிற்பார்.

அவர் பதினோரு கட்டம் காத்திருந்து, மயிரிழை பிசகாமல் வாசிப்புக்குள் வந்தார்.

"எண்ணாமலே எப்படி சார் கரெக்டா வந்தீங்க?"

"எண்ணறதா? அந்தம்மா முடிச்சாங்க, நான் ஆரம்பிச்சேன்."

"எந்தம்மா?"

"பக்கத்து ரூம்ல வாசிக்கிறாங்களே. உங்க ஸ்டூடண்ட் இல்லையா? பயங்கர மூச்சு மேடம் அவங்களுக்கு. நானெல்லாம் அதுல பாதியிலயே பஞ்சர்."

பக்கத்து அறையில் மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருக்கின்றன. பூட்டு துருப்பிடித்துப் போய் இரண்டு வருடம்.

வெள்ளிக்கிழமை பல்கம்பி. பதினான்கு வயது, வாய் நிறையக் கம்பி, வாய் ஓயாது. அவளும் சரியாக வந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. அவளே கேட்டாள்: "மிஸ், அவங்க யாரு? கடைசில அவங்களுக்கு மூச்சு முட்டுது. பாவமா இருக்கு."

நேற்று வீட்டில் நானே ஏழாவதை வாசித்துப் பார்த்தேன். ஓய்வில் நின்றேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும். முடித்துவிட்டுத் திரும்பினால் அம்மா வாசலில் நிற்கிறாள்.

"சின்னவ எப்ப வந்தா? சொல்லவே இல்லையே."

அம்மாவுக்குக் குக்கர் விசில் கூடக் கேட்காது.

நீ சிரிப்பாய் என்று நினைத்து எழுத ஆரம்பித்தேன். முடிக்கும்போது அப்படித் தோன்றவில்லை.

அக்கா


ஜூலை 9

அக்கா,

செவ்வாய், வெள்ளி, ஐந்தரை. உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு அது தெரியும்.

மூன்று வாரமாக நடக்கிறது. மூச்சு வெளியே போகிறது. போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே இழுக்க முடிவதில்லை. வலி இல்லை, அடைப்பு இல்லை. யாரோ என் மூச்சை எடுத்துச் சீராகச் செலவு செய்வது மாதிரி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பத்து நான்கு நொடி. கட்டத்துக்கு நான்கு தட்டு, தட்டுக்கு ஒரு நொடி. பதினோரு கட்டம். நீ கணக்கில் கெட்டி, பெருக்கிப் பார்.

கீழுதட்டின் உள்பக்கம் பல் பதிந்திருக்கிறது. வலது கட்டைவிரலில், சாக்ஸபோனின் கொக்கி உட்காரும் இடத்தில், பழைய காய்ப்பு திரும்ப வந்திருக்கிறது. சாக்ஸபோனை உன் கட்டில்மேல் வைத்துவிட்டுக் கிளம்பியவள் நான். அதற்குப் பிறகு எதையும் ஊதியதில்லை. சூடான காபியைக் கூட.

டாக்டரிடம் போனேன். நுரையீரல் படம் பளிங்கு மாதிரி இருக்கிறதாம்.

போன வெள்ளி ஒரு தையற்காரர் பரிசோதனைக்கு வந்திருந்தார். வலது காது சுத்தமாகப் போய்விட்டது. நான் சத்தம் எதுவும் அனுப்பவில்லை. அனுப்ப முடியவில்லை, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டனை அழுத்தியவர் விடவே இல்லை. கதவைத் திறந்து, "என்ன கேட்டுது உங்களுக்கு?" என்றேன்.

"நீங்க ஊதினதுதாம்மா. கண்ணாடி வழியா பாத்தேனே. வாயில எதுவும் இல்லாமலே ஊதுனீங்க."

பதிவில் சேர்க்கவில்லை.

நீ வீட்டில் வாசித்தது ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். பாத்திரம் கை நழுவியது.

அக்கா, அந்தப் பாடத்தை நிறுத்து.


ஜூலை 17

வாலு,

கையெழுத்துக் கூடப் போடாமல் அனுப்பியிருக்கிறாய். பயந்துபோனேன். பிறகு கோபம் வந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

உனக்கு உடம்பு சரியில்லை என்றால் வேறு டாக்டரைப் பார். என் புத்தகத்தின் மேல் பழி போடாதே. கிழமையும் நேரமும் நான்தான் உனக்கு எழுதினேன். அதைப் படித்துவிட்டு மனம் அதற்கேற்ப ஆடுகிறது. சத்தம் அனுப்பாதபோதும் அழுத்துகிறவர்களைப் பற்றி நீதானே எழுதினாய்?

ஆனாலும் ஒன்று செய்தேன். நேற்று, புதன்கிழமை, காசாளரை விடுப்பு எடுக்கச் சொல்லி ஏழாம் பாடத்தை வாசிக்கவைத்தேன். வழக்கமான நாள் இல்லை, நேரம் இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. எந்த நேரம், எத்தனை தடவை என்று உனக்கும் சொல்லப் போவதில்லை. உனக்கு என்ன நடந்தது, எழுது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அதையும் நேர்மையாக எழுது. இரண்டு பேரும் நிம்மதியாக இருக்கலாம்.

அக்கா


ஜூலை 24

அக்கா,

புதன். காலை பதினொன்று இருபதுக்கு ஒரு தடவை. அது முடிந்து மூன்று நிமிடம் கூட ஆகவில்லை, இன்னொரு தடவை.

இரண்டாவதில் விழுந்துவிட்டேன். வரவேற்பு மேஜையில் இருக்கும் அண்ணன்தான் தூக்கி உட்காரவைத்தார். "என்னம்மா, காலையில சாப்பிடலியா?" என்று பிஸ்கட் கொடுத்தார். அந்த அறைக்குள் தனியாகப் போகாதே என்றார். உள்ளே விழுந்து கிடந்தால் வெளியே ஒரு சத்தமும் வராது. அதற்காகவே கட்டிய அறை.

ஆயிரம் பிரதி என்று எழுதியிருந்தாய். ஆயிரம் பேர். தினமும் வாசிக்கச் சொல்வாய். நல்ல டீச்சர் ஆயிற்றே. ஒரே நேரத்தில் இரண்டு பேர் வாசித்தால் என்ன ஆகும்? ஒருவர் முடிக்கும்போது இன்னொருவர் ஆரம்பித்தால்? நான் எப்போது மூச்சு எடுப்பது?

ஆறு வருடமாகச் சொல்லாததைச் சொல்கிறேன். நாம் மேடையில் ஏழாவதை வாசித்த அந்தக் கச்சேரியில், என் பதினோரு கட்டத்தில் ஆறாவதில் மூச்சு எடுத்தேன். முடியவில்லை, எடுத்தேன். மைக்கில் கேட்டுவிட்டது. நீ என் பக்கம் திரும்பினாய். சபை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "மறுபடி முதல்லேர்ந்து" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாவது தடவை பதினோரு கட்டத்தையும் ஒரே மூச்சில் வாசித்தேன். கைதட்டல் எனக்குக் கேட்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. திரைக்குப் பின்னால் வந்து, "பாத்தியா, உன்னால முடியும்னு எனக்குத் தெரியும்" என்றாய்.

நான் இன்னும் அந்த இரண்டாவது தடவையைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்கிறேன்.

உன் பகுதி முழுக்க மூச்சுக் குறி போட்டிருப்பாய். என் பகுதியில் ஒன்று கூட இல்லை. அந்த வரி உடையக் கூடாது என்பாய். ஒன்று போடு அக்கா. ஆறாவது கட்டத்தில். கோட்டுக்கு மேலே சின்னதாக ஒரு காற்புள்ளி. அவ்வளவுதான் கேட்கிறேன்.

தங்கை


ஆகஸ்ட் 2

என் வாலு,

பதினொன்று இருபது. இரண்டு தடவை. ஆமாம்.

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். அந்த 'மறுபடி முதல்லேர்ந்து' எனக்கு நினைவே இல்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எனக்கு நினைவில் இருப்பது கைதட்டல் மட்டும்.

மன்னித்துக்கொள் என்று எழுதினால் அது என் நிம்மதிக்காக எழுதியதாகிவிடும். அதனால் செய்ததை எழுதுகிறேன். ஏழாம் பாடத்தை யாருக்கும் கொடுப்பதில்லை, கச்சேரி வரை. அச்சகத்துக்கு ஓடினேன். ஏழாம் பாடம் உள்ள தாள் இன்னும் இயந்திரத்தில் ஏறவில்லை. தடித்த கோட்டை எடுக்கச் சொல்லி, அங்கே உன் பகுதியைச் சிறிய எழுத்தில் முழுசாகப் போட்டாயிற்று, மாணவர் வாசிக்க அல்ல, காத்திருக்கும்போது பார்க்க. ஆறாவது கட்டத்தின் மேலே காற்புள்ளி. முகப்பில் இரண்டு பெயர்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு, மாலை ஐந்து மணி. பல்கம்பிதான் ஏழாவதை வாசிக்கிறாள். நீ தனியாக இருக்காதே. அந்த அண்ணனைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கச் சொல்.

இந்தத் தடவை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

உன் அக்கா


ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்கா,

எடுத்தேன்!

அறைக்குள் உட்கார்ந்தேன். கையில் பட்டன். நோயாளி நாற்காலியில் இத்தனை வருடத்தில் முதல்முறை நான். அண்ணன் கண்ணாடிக்கு வெளியே பிஸ்கட் பாக்கெட்டோடு. ஐந்து பதினேழுக்கு மூச்சு வெளியே போக ஆரம்பித்தது. கட்டங்களை எண்ணினேன். ஒன்று, இரண்டு. பயமாகத்தான் இருந்தது. ஐந்து முடிந்தது. ஆறில் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. இழுத்தேன். வயிறு வரை போயிற்று. மீதி ஐந்து கட்டமும் பூ மாதிரி.

பட்டனை ஒரே ஒரு தடவைதான் அழுத்தியிருக்கிறேன். இயந்திரத்தாளில் இருக்கிறது. இதைப் பதிவில் சேர்த்துவிட்டேன்.

அங்கே கேட்டதா? திட்டவில்லையே?

மாத முடிவில் வருகிறேன். அம்மாவின் காதைப் பார்க்க வேண்டும். பல்கம்பியையும் பார்க்க வேண்டும். அவள்தான் முதலில் பாவம் என்றவள்.

பத்தாவதிலும் குறி போட்டிருப்பாய்தானே? அதை நாம் மேடையில் வாசித்ததே இல்லை. அதன் வேகம் இன்னும் மந்தம். பத்தொன்பது கட்டம், ஒன்றரை நிமிடம். சும்மா கேட்டு வைக்கிறேன்.

வாலு


ஆகஸ்ட் 16

என் வாலு,

கேட்டது.

பல்கம்பி ஓய்வில் நின்றாள். சபை அசையவில்லை. நான் மேடை ஓரத்தில். எனக்கு வழக்கம்போல் ஒன்றும் கேட்கவில்லை. ஆறாவது கட்டத்தில் ஒரு மூச்சு. யாரோ நீரிலிருந்து தலையைத் தூக்கியது போல. மைக்கிலிருந்து இல்லை, என் தோளுக்குப் பக்கத்தில். முன்வரிசையில் நான்கைந்து பேர் என்னைப் பார்த்தார்கள், நான்தான் என்று நினைத்து. ஒருவரும் சிரிக்கவில்லை. அம்மா மட்டும் தலையாட்டினாள்.

திட்டவில்லை. அழுதேன். காசாளர் கைக்குட்டை கொடுத்தார், நான்காக மடித்தது.

பத்தாவதைப் பற்றிக் கவலைப்படாதே. சீக்கிரம் வா. உன் கட்டிலை வெயிலில் போட்டுத் தட்டி வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


அக்டோபர் 3

வாலு,

மாத முடிவில் நீ வரவில்லை. செப்டம்பரில் மூன்று கடிதம் போட்டேன். பதில் இல்லை. வேலை என்று நினைத்தேன். கோபம் என்று நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

பத்தாவதில் குறி இல்லை.

நான் அச்சகத்துக்குப் போன அன்று பத்தாம் பாடத்தின் தாள் ஓடி முடிந்திருந்தது. "நிறுத்தி மறுபடி ஓட்டணுமா மேடம்? புத்தகம் பத்தாம் தேதிக்கு வராது" என்றார் அச்சகக்காரர். என் முன்னால் ஆயிரம் தாள், ஒவ்வொன்றிலும் ஒரு தடித்த கோடு, மேலே 19. இடைநிலை மாணவர் யாரும் அந்தப் பாடம் வரை போக மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "வேண்டாம், இப்படியே இருக்கட்டும்" என்றேன். கச்சேரி முக்கியம். ஆறு வருடம் முன்பும் அதுதான் முக்கியமாக இருந்தது.

உனக்குக் 'கவலைப்படாதே' என்று எழுதியபோது இது எனக்குத் தெரியும்.

நேற்று ஓர் அட்டை வந்தது. முன்பின் தெரியாத ஒரு சாக்ஸபோன் ஆசிரியர், தொலைவில் ஏதோ ஊர். பத்தாம் பாடத்தைப் போட்டிக்கு வைத்திருக்கிறாராம். நாற்பது மாணவர்கள், ஆகஸ்ட் கடைசியிலிருந்து தினமும் பயிற்சி. எல்லோரும் ஓய்விலிருந்து சரியாக வெளியே வருகிறார்களாம். 'அந்தப் பத்தொன்பது கட்டங்களில் வாசிக்கும் பெண் யார் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு வாரமாக அவர் வாசிப்பு கொஞ்சம் தேய்ந்து கேட்கிறது என்கிறார்கள். எங்கள் பிரதியில் ஏதாவது குறையா?'

உடனே தந்தி மாதிரி நாலு வரி எழுதிப் போட்டேன். நிறுத்துங்கள் என்று. போய்ச் சேர எத்தனை நாள் ஆகுமோ. அட்டையில் போன் எண் இல்லை.

உன் மையத்துக்குப் போன் செய்தேன். அந்த அண்ணன்தான் எடுத்தார். "அறைக்குள்ள இருக்காங்கம்மா. உள்ள இருந்தா ஒண்ணும் கேக்காது." மதியம் மறுபடி செய்தேன். அதே பதில், அதே வார்த்தைகள். மாலையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பத்தாவதை இன்று நான் வாசித்தேன். வாசிக்கவில்லை, ஓய்வை மட்டும் எண்ணிப் பார்த்தேன். மூச்சை விட்டுக்கொண்டே, எடுக்காமல். பன்னிரண்டாவது கட்டத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டேன். இன்னும் ஏழு இருந்தது.

அம்மா இன்று இரண்டு தடவை கேட்டாள்: "சின்னவ ஏன் நிறுத்திட்டா?"

அம்மாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நாளை முதல் பேருந்தில் வருகிறேன். தபாலை நம்பவில்லை. இந்தக் கடிதத்தைக் கையிலேயே எடுத்து வந்து வீடோ அந்த அறையோ, நீ இருக்கும் கதவடியில் தள்ளுவேன். கூடவே ஒரு பென்சிலும் இருக்கும்.

நீ கதவைத் திறக்க வேண்டாம். பேச வேண்டாம். மன்னிக்கவும் வேண்டாம். இந்தத் தாளை இந்தப் பக்கம் திருப்பித் தள்ளினால் போதும். கீழே பத்தொன்பது கட்டத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். உனக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே.

ஒரு காற்புள்ளி போதும்.

உன் அக்கா